ஒருமையா, பன்மையா? டிரம் செட் ஒலிப்பதிவின் ஒரு நூற்றாண்டு

“அவர் டிரம்ஸ் வாசிக்கிறார்” என்கிறோம். “டிரம்ஸ் மேடையின் நடுவில் இருக்கிறது” என்றும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் பன்மையாக நிற்கும் அச்சொல், தமிழுக்குள் வந்தவுடன் ஒருமை வினைமுற்றை ஏற்றுக்கொண்டுவிட்டது. கடன்சொற்களைப் படிப்பவர்களுக்கு இது பழகிய நிகழ்வுதான். ஆனால் ஒலிப்பதிவின் வரலாற்றைப் படிக்கும்போது அதே இலக்கணக் கேள்வி வேறோர் உருவில் எதிர்ப்படுகிறது. டிரம் செட் என்பது ஓர் இசைக்கருவியா, ஓர் இருக்கையைச் சுற்றி நிறுத்தப்பட்ட பல இசைக்கருவிகளா? ஒலிவாங்கியை எங்கே வைப்பது, எத்தனை வைப்பது என்று முடிவு செய்த ஒவ்வொரு பொறியாளரும் இக்கேள்விக்கு ஒரு விடை அளித்திருக்கிறார்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. தில்லி, ஹைதராபாத், ஷில்லாங், பெங்களூரு என எங்கும் மாணவர் இசைக்குழுக்கள் வாடகை அறைகளில் தம் பாடல்களைத் தாமே பதிவு செய்கின்றன. கிட்டாரும் குரலும் எளிதில் பதிவாகிவிடுகின்றன. டிரம்ஸ் வரும்போது மட்டும் கை தயங்குகிறது. எட்டு ஒலிவாங்கிகள் வேண்டும், நல்ல கூடம் வேண்டும், மலிவான மைக்கில் சரிவராது என்று சொல்லி, கணினி தரும் ஆயத்த ஒலிகளை வைத்துப் பாடலை முடித்துவிடுகிறார்கள். வாசித்தவரின் கை பதிவில் இல்லாமலே போகிறது. அந்தத் தயக்கத்தை இக்கருவியின் பதிவு வரலாறு ஆதரிக்கிறதா என்று பார்ப்பதே இந்த நீண்ட பதிவின் நோக்கம்.

கருவி பிறந்த விதம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை அமெரிக்க அணிவகுப்புக் குழுக்களில் பேஸ் டிரம் ஒருவர் கையிலும், ஸ்நேர் டிரம் இன்னொருவர் கையிலும், சிம்பல் என்னும் வெண்கலத் தட்டுகள் மூன்றாமவர் கையிலும் இருந்தன. நாடக அரங்குகளிலும் நடனக் கூடங்களிலும் இடமும் கூலியும் குறைவு. எனவே ஒருவரே பலவற்றை வாசிக்க வேண்டியதாயிற்று. 1909இல் வில்லியம் லுட்விக் பேஸ் டிரம்முக்கான கால்மிதி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். கால் ஒரு கருவியை ஏற்றுக்கொண்டதால் கைகள் விடுபட்டன. சீனக் குடியேறிகள் வழியாக வந்த டாம் டிரம்களும், துருக்கியக் கைவினை மரபில் வளர்ந்த சிம்பல்களும், மரக்கட்டைகளும் மாட்டு மணிகளும் அதைச் சுற்றிச் சேர்ந்தன. இரண்டு தட்டுகளைக் காலால் சேர்த்தடிக்கும் ஹை-ஹேட் 1920களில் உருவானது.

ஆகவே டிரம் செட்டின் பிறப்பே பன்மையிலிருந்து ஒருமைக்குச் சென்ற பயணம். நான்கு உறுப்புகளையும் ஒரே உடல் ஆள்கிறது. எந்த அடி ஓங்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்பதை அந்த உடலே தீர்மானிக்கிறது. ஒலியளவுகளின் சமநிலை வாசிப்பவரின் கைகால்களில் இருக்கிறது. பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இச்செய்தி முக்கியமானது.

புனலின் முன்னே

1925க்கு முந்தைய பதிவுகளில் ஒலிவாங்கி கிடையாது. பெரிய புனலொன்றின் வாயில் ஒலி புகும்; அதன் முனையிலுள்ள மெல்லிய தகடு அதிரும்; அதனோடு இணைந்த ஊசி மெழுகில் பள்ளம் வெட்டும். இம்முறை பிடித்த அதிர்வெண்கள் ஏறத்தாழ 250 முதல் 2500 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே. பேஸ் டிரம்மின் அடிப்படை ஒலி 100 ஹெர்ட்ஸுக்கும் கீழே கிடப்பது. அது பதிவாகாதது மட்டுமன்று, அதன் அழுத்தம் ஊசியைத் தடம் புரளவைத்துப் பதிவையே கெடுத்துவிடும் என்ற அச்சமும் இருந்தது.

1923 ஏப்ரலில், இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் இருந்த ஜெனெட் நிறுவனத்தின் பதிவுக்கூடத்தில் கிங் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் குழு பதிவு செய்தது. இளைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் இரண்டாம் கார்னெட் வாசித்தார். டிரம்ஸ் வாசித்தவர் பேபி டாட்ஸ். நியூ ஆர்லியன்ஸ் மரபின் பெருங்கலைஞரான அவர், அந்த இசைத்தட்டுகளில் பெரும்பாலும் மரக்கட்டைகளைத் தட்டுபவராகவே கேட்கிறார். அவர் மேடையில் வாசித்த முறை அதுவன்று. புனல் அவருக்கு அனுமதித்தது அவ்வளவுதான்.

இதன் விளைவைக் கவனிக்க வேண்டும். பின்னாளில் அந்த இசைத்தட்டுகளைக் கேட்டுக் கற்ற தொலைதூர இளைஞர்கள், தொடக்ககால ஜாஸ் தாளம் என்பதே மரக்கட்டைத் தாளம்தான் என்று எண்ணியிருக்கக்கூடும். ஒரு தொழில்நுட்பக் குறைபாடு, ஒரு கலை மரபின் இயல்பாகத் தோற்றம் கொண்டுவிடுகிறது. 1946இல் டாட்ஸ் தம் வாசிப்பைத் தாமே பேசி விளக்கிப் பதிவு செய்தார். அப்பதிவு இல்லாதிருந்தால் 1923இன் தட்டுகளைத் திருத்திப் படிக்க நமக்குப் பெரிய சான்று இருந்திராது. கல்வெட்டு சிதைந்த இடத்தில் எழுத்தே இருந்ததில்லை என்று எந்தக் கல்வெட்டறிஞரும் முடிவு செய்யமாட்டார். இசைத்தட்டுக்கும் அந்த எச்சரிக்கை வேண்டும்.

நம் நாட்டிலும் இதே புனல்தான் வந்தது. 1902இல் பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கவுஹர் ஜான் உள்ளிட்ட கலைஞர்களைப் பதிவு செய்தபோது, பாடகரின் குரல் புனலுக்கு நேரே நின்றது. தபலாவின் இடக்கையில் பிறக்கும் ஆழ்ந்த ஒலிக்கு அந்த எந்திரத்தில் இடம் இருக்கவில்லை. நம் பழைய இசைத்தட்டுகளில் பக்கவாத்தியம் மெலிந்து ஒலிப்பதை அக்கால அழகியல் என்று எழுதுமுன், புனலின் எல்லையையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஒற்றை ஒலிவாங்கியின் காலம்

1925இல் விக்டர், கொலம்பியா ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் உருவாக்கிய மின்வழிப் பதிவு முறைக்கு மாறின. பதிவாகும் எல்லை ஏறத்தாழ 60 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரை விரிந்தது. 1927 டிசம்பரில் சிகாகோவில் ஜீன் க்ரூபா பேஸ் டிரம்முடன் கூடிய முழு டிரம் செட்டை வாசித்துப் பதிவு செய்தார். அப்படிச் செய்தவர்களில் அவரே முதல்வர் எனப் பரவலாகச் சொல்லப்படுகிறது.

அடுத்த முப்பது ஆண்டுகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு ஒலிவாங்கிகளின் காலம். குழு முழுவதற்கும் ஒன்றோ சிலவோ இருக்கும். ஒலியளவைத் திருத்தத் தூரம் ஒன்றே கருவி. எக்காளக்காரர் பின்னே நகர்வார், பாடகர் முன்னே வருவார். பம்பாயின் திரைப்பாடல் கூடங்களிலும் இதுவே நடைமுறை. கோவாவிலிருந்தும் பார்சி சமூகத்திலிருந்தும் வந்த கலைஞர்கள் நகரத்தின் ஹோட்டல் நடனக்குழுக்களில் வாசித்த டிரம்ஸைத் திரையிசைக்குள் கொண்டுவந்தார்கள். பாடகரும் வாத்தியக்குழுவும் ஒரே வேளையில் வாசிக்க, அப்படியே பதிவு செய்வது அங்கே நெடுங்காலம் நீடித்தது. எங்கே உட்காருவது, எவ்வளவு ஓங்கி அடிப்பது என்பவையே கலவைப் பலகையின் வேலையைச் செய்தன.

வீட்டில் டிரம்ஸ் பதிவு செய்வதற்கு வரலாற்றிலேயே மிகச் சிறந்த எடுத்துக்காட்டும் இக்காலத்தைச் சேர்ந்ததுதான். நியூ ஜெர்சியின் ஹேக்கன்சாக் நகரில் ரூடி வான் கெல்டர் என்பவர் பகலில் கண்பார்வைப் பரிசோதகராகத் தொழில் செய்தார். தம் பெற்றோர் வீட்டின் வரவேற்பறையில் ஒலிப்பதிவு செய்தார். பக்கத்து அறையில் கருவிகள், நடுவே ஒரு கண்ணாடிச் சாளரம். 1950களில் ப்ளூ நோட், ப்ரெஸ்டிஜ் நிறுவனங்களுக்காக அங்கே பதிவானவை இன்றும் ஜாஸ் இசையின் ஆதாரத் தொகுதிகளாக இருக்கின்றன. 1956இல் சோனி ராலின்ஸ் பதிவு செய்த ‘சாக்ஸஃபோன் கொலோசஸ்’ தொகுப்பில் மாக்ஸ் ரோச்சின் டிரம்ஸ் ஒலிப்பது அந்த வரவேற்பறையில்தான்.

இங்கே ஒரு செய்தியை மறைக்கக் கூடாது. வான் கெல்டரின் ஒலிவாங்கிகள் மலிவானவை அல்ல. ஜெர்மனியின் நாய்மன் நிறுவனத் தயாரிப்புகளை அமெரிக்காவில் முதன்முதலில் பயன்படுத்தியவர்களில் அவரும் ஒருவர். ஆனால் அவரிடம் இருந்தவை எண்ணிக்கையில் குறைவு. அறையோ குடும்பம் புழங்கிய அறை. ஆகவே வீட்டு அறையில் நல்ல டிரம்ஸ் ஒலி கிடைக்காது என்ற கூற்று 1950களிலேயே பொய்த்துவிட்டது.

அருகில் சென்ற காது

பன்மைக்கான திருப்பம் 1960களில் நிகழ்ந்தது. 1966இல் லண்டன் இ.எம்.ஐ. கூடத்தில் இளம் பொறியாளர் ஜெஃப் எமெரிக், பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டாருடைய பேஸ் டிரம்முக்குள் ஒரு கம்பளிச் சட்டையைத் திணித்து, ஒலிவாங்கியை அதனருகே சில அங்குலத் தொலைவுக்குக் கொண்டுசென்றார். கருவி கெட்டுவிடும் என்பதால் அவ்வளவு அருகில் வைக்க நிறுவன விதி இடம் தரவில்லை. அவர் விதியை மீறினார். அந்த இறுகிய ஒலி பிறகு பலருக்கும் வழிகாட்டியது. பல தடங்களில் பதியும் நாடாக்கள் பரவியபின் ஒவ்வொரு டிரம்முக்கும் ஓர் ஒலிவாங்கி என்ற நிலை வந்தது. 1970களில் டிரம் செட் மீண்டும் பன்மையாயிற்று. சமநிலை வாசிப்பவரின் உடலிலிருந்து கலவைப் பலகைக்கு இடம் மாறியது.

அதே காலத்தில் எதிர்த்திசையிலும் சிலர் நடந்தார்கள். லெட் செப்பெலின் குழுவின் முதல் தொகுப்பை 1968இல் பதிவு செய்தபோது, க்ளின் ஜான்ஸ் தற்செயலாக ஓர் அமைப்பைக் கண்டடைந்தார். ஸ்நேருக்கு மேலே ஓர் ஒலிவாங்கி. தரையில் நிற்கும் டாமின் பக்கவாட்டில் மற்றொன்று. இரண்டும் ஸ்நேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில், ஏறத்தாழ ஒரு மீட்டரில். இவற்றுடன் பேஸ் டிரம்மின் முன் ஒன்று. வேண்டுமானால் ஸ்நேருக்கும் ஒன்று. அவர் பெயராலேயே இம்முறை இன்று அறியப்படுகிறது.

அதே குழு சில ஆண்டுகளில் ஹாம்ப்ஷயரின் ஹெட்லி க்ரேஞ்ச் என்ற பழைய கட்டடத்தில் தங்கிப் பதிவு செய்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஏழைகள் விடுதியாகக் கட்டப்பட்ட இடம் அது. ஜான் பானமின் டிரம் செட்டை மாடிப்படியின் அடித்தளக் கூடத்தில் நிறுத்தினார்கள். க்ளின் ஜான்ஸின் தம்பி ஆண்டி ஜான்ஸ் இரண்டு பேயர் ஒலிவாங்கிகளை மேல்தளத்திலிருந்து தொங்கவிட்டார். பேஸ் டிரம்முக்கெனத் தனியாக எதுவும் இல்லை. 1971இல் வெளியான ‘வென் த லெவீ ப்ரேக்ஸ்’ பாடலின் அந்த டிரம்ஸ் ஒலியைப் பிற்காலத்தில் எத்தனையோ கலைஞர்கள் வெட்டியெடுத்துத் தம் பாடல்களில் ஒட்டினார்கள். இரண்டு ஒலிவாங்கிகளும் ஒரு படிக்கட்டும் போதுமானவையாக இருந்தன.

இன்னொன்றும் உண்டு. பீட்டர் கேப்ரியலின் மூன்றாம் தொகுப்பு 1980இல் வெளிவந்தது. அதன் பதிவின்போது, இசைக்கலைஞர்கள் பொறியாளரோடு பேசுவதற்காகக் கூடத்தில் தொங்கவிடப்பட்டிருந்த ஒலிவாங்கி வழியாக ஃபில் காலின்ஸின் டிரம்ஸ் கேட்டது. பேச்சுக்கான அந்தத் தடத்தில் ஒலியை வன்மையாக நெரிக்கும் சுற்று இருந்தது. பொறியாளர் ஹ்யூ பேட்ஜம் அந்த எதிர்பாராத ஒலியை அப்படியே பயன்படுத்தினார். 1980களின் அடையாளமான ஓங்கிச் சட்டென அறுபடும் டிரம்ஸ் ஒலி, உரையாடலுக்காக வைத்த ஒலிவாங்கியிலிருந்து பிறந்தது.

வீட்டிலிருந்து டிரம்ஸ் வெளியேறியது

1979இல் டீயாக் நிறுவனம் ‘போர்ட்டாஸ்டூடியோ 144’ என்ற கருவியை வெளியிட்டது. சாதாரண கேசட்டில் நான்கு தடங்கள் பதியலாம். வீட்டு ஒலிப்பதிவு பொதுமக்களுக்குத் திறந்த நாள் அதுவெனலாம். ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் தம் ‘நெப்ராஸ்கா’ தொகுப்பை, 1982 ஜனவரியில், வாடகை வீட்டின் படுக்கையறையில் இக்கருவியிலும் இரண்டு ஷூர் எஸ்.எம். 57 ஒலிவாங்கிகளிலும் பதிவு செய்தார். அத்தொகுப்பில் டிரம்ஸ் இல்லை என்பது நம் வரலாற்றுக்குப் பொருளுடைய செய்தி. நான்கு தடங்களில் எட்டு ஒலிவாங்கிகளுக்கு இடம் ஏது? அண்டை வீட்டாரின் பொறுமைக்கும் எல்லை உண்டு. 1980இல் ரோலண்ட் டி.ஆர். 808 முதலிய தாள எந்திரங்கள் வந்தபோது வீட்டில் டிரம்ஸின் இடம் நிரம்பிவிட்டது. அந்த எந்திரங்கள் புதிய இசைகளைப் பெற்றெடுத்தன. அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் வீட்டில் டிரம்ஸ் பதிவு செய்ய முடியாது என்ற எண்ணம் உறுதிப்பட்டதும் இக்காலத்தில்தான். கூடங்களின் பன்மை முறையை ஒரே முறை என்று கொண்டதால் வந்த முடிவு அது.

முரண் என்னவென்றால், ஒலிவாங்கி அப்போதே மலியத் தொடங்கியிருந்தது. 1962இல் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் மின்னூட்டத்தைத் தன்னுள் நிலையாகத் தாங்கும் மெல்லிய படலத்தைக் கொண்டு எலெக்ட்ரெட் ஒலிவாங்கியை உருவாக்கினர். உயர் மின்னழுத்த மூலம் தேவையற்றுப் போனதால் மலிவாகவும் சிறிதாகவும் அதைச் செய்ய முடிந்தது. கேசட் பெட்டியிலும் தொலைபேசியிலும் அது குடியேறியது. 1965இல் வெளிவந்த எஸ்.எம். 57, அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களின் பேச்சு மேடையிலும் நின்றது, ஸ்நேர் டிரம்மின் விளிம்பிலும் நின்றது. நூற்றாண்டின் இறுதியில் சீனத் தொழிற்சாலைகளின் கண்டென்சர் ஒலிவாங்கிகள் சந்தையை நிறைத்தன. வான் கெல்டருக்குக் கிட்டாத ஒன்று இன்றைய மாணவருக்குக் கிட்டியிருக்கிறது.

மலிவு எங்கே தடுக்கிறது?

களத்தில் பேச்சைப் பதிவு செய்யும் மொழியியலாளர்க்கு மலிவான ஒலிவாங்கியின் முதற்குறை அதன் உள்ளிரைச்சல். மெல்லிய குரலை அது மூடிவிடும். டிரம்ஸுக்கு இக்குறை ஏறக்குறையப் பொருட்டே இல்லை, ஏனெனில் கருவியின் ஓசை இரைச்சலை விழுங்கிவிடும். ஆக, விலை குறைந்த ஒலிவாங்கி மிகக் குறைவாகத் தீங்கு செய்யும் கருவிகளில் டிரம்ஸும் ஒன்று. மெய்யான குறைகள் இரண்டு. சில கண்டென்சர்கள் பேரொலியில் திணறி உடைந்த ஒலி தரும்; சற்றுத் தொலைவில் வைத்தால் இது தீரும். உச்ச அதிர்வெண்களை மிகைப்படுத்தும் வகைகளில் சிம்பல் காதைக் கிழிக்கும். ஒலிவாங்கியை அவற்றிலிருந்து சற்றுத் திருப்புவதும், வாசிப்பவர் சிம்பலை மென்மையாக அடிப்பதும் இதற்கு மருந்து.

மூன்றாவது சிக்கல் விலையோடு தொடர்பற்றது, எண்ணிக்கையோடு தொடர்புடையது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. ஸ்நேரின் ஓர் அடி ஓர் ஒலிவாங்கியை ஒரு மீட்டரிலும் மற்றொன்றை ஒன்றரை மீட்டரிலும் அடைகிறது என்று கொள்வோம். அரை மீட்டர் வேறுபாடு என்றால் ஏறத்தாழ ஒன்றரை மில்லி நொடித் தாமதம். இரண்டையும் சம அளவில் கலந்தால், ஒரு மீட்டர் அலைநீளமுடைய 343 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றில் மேடாகவும் மற்றொன்றில் பள்ளமாகவும் வந்து தம்முள் அழிந்துவிடும். அதற்கு மேலும் ஒழுங்கான இடைவெளிகளில் பள்ளங்கள் தோன்றும். ஸ்நேரின் உடல் மெலிந்து அட்டைப்பெட்டியைத் தட்டியது போல் கேட்பது பெரும்பாலும் இதனால்தான். விலையுயர்ந்த ஒலிவாங்கிகளை அதே இடங்களில் வைத்தாலும் இதே விளைவுதான். ஒலிவாங்கிகள் கூடக்கூட இத்தகைய மோதல்களும் பெருகுகின்றன.

க்ளின் ஜான்ஸின் சம தூரம் இங்கே பொருள் பெறுகிறது. அதற்கு வேண்டிய கருவி ஒரு நூல். ஸ்நேரின் நடுவில் அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை மேலுள்ள ஒலிவாங்கிக்கும் பக்கத்திலுள்ள ஒலிவாங்கிக்கும் கொண்டுசென்று அளந்தால் போதும். மூன்று ஒலிவாங்கிகள் உள்ளவர் மூன்றாவதைப் பேஸ் டிரம்முக்குத் தரலாம். இரண்டே உள்ளவர் ஒன்றை மேலேயும் ஒன்றைப் பேஸ் டிரம்மின் முன்னும் வைக்கலாம். ஒன்றே உள்ளவர் அதை டிரம் செட்டின் முன்னால் ஒன்றரை மீட்டர் அளவில் நிறுத்தி, ஒரு கை முன்னும் பின்னும் நகர்த்திக் கேட்டுப் பார்க்கலாம்.

நம் வீடுகளின் தாழ்ந்த கான்கிரீட் கூரையும் பூசிய வெற்றுச் சுவர்களும் ஒலியை உடனே திருப்பியனுப்புவன. மேலுள்ள ஒலிவாங்கிக்கு நேர்மேலே கூரையருகில் ஒரு கனத்த ரஜாயைக் கட்டுவதும், டிரம் செட்டின் கீழே ஜமுக்காளம் விரிப்பதும், சுவரோரம் மெத்தையைச் சாய்ப்பதும் புதிய மைக் வாங்குவதைவிடப் பயனுள்ளவை. மின்விசிறியை நிறுத்த வேண்டும் என்பதைக் கோடையில் பதிவு செய்பவருக்குச் சொல்லத் தேவையில்லை, வேர்வையே சொல்லிவிடும்.

ஆவணம் என்னும் பொறுப்பு

இத்தனையும் ஒரு முடிவுக்கு இட்டுச்செல்கின்றன. குறைந்த ஒலிவாங்கிகளில் டிரம்ஸைப் பதிவு செய்வது வறியவரின் மாற்றுவழி அன்று. இக்கருவியின் பதிவு வரலாற்றில் பாதிக்கு மேற்பட்ட காலம் அதுவே நடைமுறை. அம்முறையில் பொறுப்பு வாசிப்பவரிடம் திரும்புகிறது. ஓங்கிய சிம்பலைப் பின்னால் குறைத்துக்கொள்ள வழியில்லை. கையே குறைக்க வேண்டும். பலர் இதைக் குறையாகக் கருதுவர். ஒரு கலைஞர் தம் உடலால் தம்மைச் சமன்செய்துகொள்ளும் முறை பதிவாவது இப்படி மட்டுமே என்பதால், ஆவணமாக இதற்கு மதிப்பு மிகுதி.

1923இல் பேபி டாட்ஸின் பேஸ் டிரம் பதிவாகாததற்கு எந்திரம் காரணம். இன்று ஒரு மாணவரின் டிரம்ஸ் பதிவாகாமல் போனால் அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய நகரங்களின் மாடியறைகளில் எப்படித் தாளம் வாசிக்கப்பட்டது என்று ஐம்பது ஆண்டுகள் கழித்து ஓர் ஆய்வாளர் தேடுவார். அவருக்குக் கிடைப்பது எல்லோர் கணினியிலும் இருந்த ஒரே ஆயத்த ஒலியா, ஒருவரின் வலக்கை சற்று முந்தி விழும் அந்தப் பழக்கமா என்பதை இப்போது அறையில் இருக்கும் இரண்டு மலிவான ஒலிவாங்கிகள் தீர்மானிக்கின்றன. ஆகவே, இருப்பதை வைத்துப் பதிவு செய்யுங்கள். கோப்பின் பெயரில் நாள், இடம், வாசித்தவர், ஒலிவாங்கிகளின் எண்ணிக்கை, அவை நின்ற தூரம் ஆகியவற்றையும் எழுதிவையுங்கள். டாட்ஸுக்கு இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்துக் கிடைத்த விளக்கம், நம் பதிவுகளுக்கு முதல் நாளிலேயே கிடைக்கட்டும்.